சாங்கியில் 13 மணித்தியாலம்: வெளியே போங்கள், டீச்சர்

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். வயது 61. என் கணவர் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். வயது 66. சீனி வருத்தம் உண்டு, வலது முழங்காலிலும் வலி. மெல்பேர்னில் இருக்கும் மகளுக்கு ஜூனில் குழந்தை பிறக்கப்போகிறது. மருமகன் டிக்கட் போட்டு அனுப்பியிருக்கிறார். வியாழன் அதிகாலை 1.10க்குக் கட்டுநாயக்கவில் ஏறி, காலை 7.35க்குச் சிங்கப்பூரில் இறங்குகிறோம். அடுத்த விமானம் இரவு 9.15க்குத்தான். இரண்டு பேருக்குமே இதுதான் முதல் விமானப் பயணம். அவ்வளவு நேரமும் எயார்போட்டுக்குள்ளேயே இருப்பதா, ஒரு கோயிலையாவது பார்த்துவிட்டு வரலாமா? வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களா? பெட்டிகளை என்ன செய்வது? "வீண் வேலை, ஓரிடத்தில் உட்கார்ந்திருப்போம்" என்கிறார் இவர். எனக்கு மனம் கேட்கவில்லை.

ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை, பொகவந்தலாவை

பதில்:

டீச்சர், போங்கள். ஐயாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். திரும்ப உள்ளே விடுவார்கள். பெரிய பெட்டிகளும் உங்கள் கையில் இருக்காது. இதை முதலில் சொல்லிவிட்டால் மிச்சத்தை நிம்மதியாக வாசிப்பீர்கள்.

இருபது வருடத்துக்கும் மேலாக ஹட்டனில் டிக்கட் போட்டுக் கொடுக்கிறேன். அதற்கு முன் நானும் வீட்டு வேலைக்கு வெளிநாடு போய் வந்தவள்தான். முதல் பயணத்தில் வளைகுடா நாட்டு விமான நிலையம் ஒன்றில் 11 மணித்தியாலம் காத்திருந்தேன். எழுந்து போனால் அந்த நேரம் பார்த்து என் பெயரைக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று பயந்து, பையை மடியில் வைத்தபடி தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். குடித்தால் கழிவறைக்கு எழுந்து போக வேண்டுமே. பெயரைக் கூப்பிடும் வழக்கம் அங்கே இல்லை, பலகையைப் பார்த்து நாமாகத்தான் கேட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லித்தர ஒருவரும் இருக்கவில்லை. இன்றைக்கும் என்னிடம் டிக்கட் வாங்கிக்கொண்டு போகிற நம் ஆட்கள் திரும்பி வந்து சொல்வது அதையேதான்: "ஒரே எடத்துல குந்தியிருந்தோம் அக்கா." அதனால் உங்களுக்கு நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் விசா. இலங்கைப் பாஸ்போட்டுக்கு முன்கூட்டியே விசா கேட்கும் ஊர்கள் நிறைய உண்டு. இதே 13 மணித்தியாலம் துபாயில் கிடைத்திருந்தால், விசா எடுக்காமல் வெளியே கால் வைக்க முடியாது என்றுதான் எழுதியிருப்பேன். சிங்கப்பூருக்குக் குறுகிய காலம் போக நமக்கு விசா தேவையில்லை. பாஸ்போட் இன்னும் ஆறு மாதத்துக்காவது செல்லுபடியாக இருக்க வேண்டும். மெல்பேர்ன் டிக்கட்டும் அவுஸ்திரேலிய விசாவின் பிரதியும் கையில் இருக்கட்டும். இவற்றோடு ஒரு படிவமும் உண்டு. சிங்கப்பூர் வருகை அட்டை என்பார்கள், இணையத்தில் நிரப்புவது. இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் அதை நிரப்பலாம். வியாழன் இறங்குகிறீர்கள், ஆகவே செவ்வாய்க்கிழமை மருமகனை நிரப்பச் சொல்லுங்கள். அது இலவசம். சிங்கப்பூர்க் குடிநுழைவு ஆணையத்தின் சொந்தத் தளத்தில் மட்டும் நிரப்ப வேண்டும். அதைப் போலவே தோற்றம் காட்டிக் காசு பிடுங்குகிற தளங்கள் இருக்கின்றன. விதிகள் மாறக்கூடியவை என்பதால், புறப்படுவதற்கு ஒரு கிழமைக்கு முன் விசா விதியையும் அதே தளத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ஐயா "வீண் வேலை" என்று சொல்வதைச் சோம்பல் என்று நான் எடுக்கவில்லை. சீருடை போட்ட ஒருவர் கவுண்டரில் உட்கார்ந்து நம் கடதாசியைப் புரட்டுவது நம் பெரியவர்களுக்கு மிகப் பழைய பயம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்த மலைகளை ஆளாக்கியவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு பிரித்தது. மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் வந்தது 2003இல். உங்கள் இருவர் வயதுக்கு இதெல்லாம் சொந்த வீட்டில் நடந்த கதை. அண்ணன் ஒரு பக்கம், தங்கை ஒரு பக்கம் என்று ரயிலேற்றி அனுப்பிய குடும்பங்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். அப்படிக் கிடைத்த பாஸ்போட் இது. அதை நீட்டும்போது கை நடுங்க வேண்டியதில்லை என்று ஐயாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

சாங்கியில், அதாவது சிங்கப்பூர் விமான நிலையத்தில், உங்களிடம் கேட்கக்கூடியது எங்கே போகிறீர்கள், எப்போது புறப்படுகிறீர்கள் என்பதுதான். தமிழிலேயே பதில் சொல்லலாம். அந்த நாட்டின் நான்கு அரச கரும மொழிகளில் தமிழும் ஒன்று. கவுண்டரில் இருப்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் மெல்பேர்ன் டிக்கட்டைக் காட்டினாலே போதும். கைரேகையும் முகப்படமும் எடுப்பார்கள். பாஸ்போட்டில் முத்திரை அடிக்க மாட்டார்கள், அனுமதி மின்னஞ்சலுக்கு வந்து சேரும். முத்திரை விழவில்லையே என்று பதறிக் கவுண்டருக்குத் திரும்பி ஓடியவர்களை எனக்குத் தெரியும், அதனால் சொல்கிறேன்.

பெட்டி விடயத்தைக் கட்டுநாயக்கவிலேயே முடித்துவிடலாம். இரண்டு விமானமும் ஒரே முன்பதிவு எண்ணில் இருக்கின்றனவா என்று மருமகனிடம் கேளுங்கள். ஒரே எண் என்றால் பெட்டிகள் நேரே மெல்பேர்ன் போகும், சிங்கப்பூரில் அவற்றை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். கவுண்டரில் பெட்டியில் கட்டும் துண்டில் "எம் ஈ எல்" என்ற மூன்று எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், அது மெல்பேர்னின் குறியீடு. "எஸ் ஐ என்" என்று மட்டும் இருந்தால் பெட்டி சிங்கப்பூரோடு நின்றுவிடும், அங்கேயே நின்று கேளுங்கள். இரண்டு விமானத்துக்குமான போர்டிங் பாஸையும் அங்கேயே கேட்டு வாங்குங்கள். இரண்டு தனித்தனி டிக்கட்டாக வாங்கியிருந்தால் கதை வேறு. அப்படியானால் சிங்கப்பூரில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும், நான் இங்கே சொல்லப்போகும் நேரக் கணக்கு முழுவதும் மாறிவிடும். உடனே எனக்கு மறுபடி எழுதுங்கள்.

இனி அந்த நேரக் கணக்கு. 7.35இலிருந்து 9.15 வரை 13 மணித்தியாலம் 40 நிமிடம். கேட்கும்போது ஒரு முழு நாள் மாதிரி இருக்கும். விமானத்தை விட்டு இறங்கி, முகம் கழுவி, குடிவரவு தாண்டி, கைப்பைகளைப் பாதுகாப்பு இடத்தில் கொடுத்துவிட்டு ரயிலடிக்கு வர ஒன்றரை மணித்தியாலம். போக ஒன்று, வர ஒன்று. இரவு 8 மணிக்குக் கேட் பக்கத்தில் இருந்துவிட வேண்டும். இவ்வளவும் கழித்தால் ஒன்பது மணித்தியாலம் மிஞ்சும். அதிலே மூன்றைத் தூக்கத்துக்கு எடுத்து வையுங்கள். குளிக்க, சாப்பிட இரண்டு போகும். மிஞ்சுகிற மூன்று, நான்கு மணித்தியாலம்தான் நீங்கள் ஊர் பார்க்கிற நேரம்.

தூக்கத்தில் ஏன் இவ்வளவு பிடிவாதமாக நிற்கிறேன் என்றால், உங்கள் பயணம் கட்டுநாயக்கவில் ஆரம்பிக்கவில்லை. ஜூனில் தென்மேல் பருவமழை மேற்குச் சரிவில் கொட்டும். கினிகத்தேனை, கித்துல்கல பக்கம் மண் சரிந்து பாதை அடைபட்டால் எத்தனை மணித்தியாலம் வேனுக்குள் இருக்க நேரும் என்று சொல்ல முடியாது. அதனால் புதன்கிழமை பகல் 12 மணிக்கே புறப்படுங்கள். அப்படிப் பார்த்தால் வீட்டு வாசலில் இருந்து மெல்பேர்ன் போய் இறங்கும்வரை 38 மணித்தியாலம். சிங்கப்பூரில் கால் வைக்கும்போதே நீங்கள் வீட்டை விட்டு 17 மணித்தியாலம் ஆகியிருக்கும். வழியனுப்ப எல்லாரும் வர ஆசைப்படுவார்கள். முதல் பயணம், பேரப்பிள்ளை பார்க்கப் போகிற பயணம், ஆசை இருக்கத்தான் செய்யும். ஆனாலும் வேனில் ஐயா காலை நீட்டிக்கொள்ள ஒரு முழு சீட் விடச் சொல்லுங்கள். அந்த முழங்கால் அடுத்த நாள் கோயில் படி ஏற வேண்டும்.

முதலில் தூங்கிவிட்டு வெளியே போவதா, போய் வந்து தூங்குவதா? நான் வெகுகாலம் முதலில் தூங்குங்கள் என்றுதான் சொல்லி வந்தேன். இப்போது மாற்றிக்கொண்டேன். நம் ஊர்க் கோயில்களைப் போலவே அங்கேயும் பகல் 12 மணியளவில் நடை சாத்திவிடுவார்கள், திறக்கச் சாயங்காலம் ஆகும். காலையில் தூங்கி எழுந்து போனால் பூட்டிய கதவைத்தான் கும்பிட்டுவிட்டு வர வேண்டும். இன்னொன்று, மத்தியானத்துக்கு மேல் அங்கே வெயில் நம் உடம்புக்குத் தாங்காது, திடீரென்று இடிமழையும் வரும். பொகவந்தலாவைக் குளிரில் இருந்து போகிறவர்களுக்கு அந்தப் புழுக்கம் மூச்சை அடைக்கும். காலையில் போய்விட்டு, வெயில் ஏறும்போது குளிரூட்டிய இடத்துக்குத் திரும்பிவிடுவதுதான் சரி. விமானத்தில் ஏறியதும் கண்ணை மூடப் பாருங்கள். நான்கு மணித்தியாலப் பறப்பில் இரண்டு மணித்தியாலம் தூங்கினாலும் காலையைச் சமாளிக்கலாம்.

ஸ்வெட்டரை விமானத்துக்காக மேலே வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் இறங்கியதும் அதைக் கைப்பையில் வைத்துக் கொடுத்துவிட்டு, பருத்தி உடுப்போடும் ஒரு சின்னக் குடையோடும் வெளியே போங்கள்.

சாங்கியில் இரண்டாம், மூன்றாம் முனையங்களுக்கு இடையில் கீழே ரயில் நிலையம் இருக்கிறது. அங்கே ஏறி, முதல் நிறுத்தமான எக்ஸ்போவில் இறங்கி, நீல நிறத்தில் காட்டியிருக்கும் டவுன்டவுன் பாதைக்கு மாறுங்கள். வேகமான வழி வேறு உண்டு. ஆனால் இதில் ஒரே ஒரு மாற்றம்தான். எக்ஸ்போ அந்தப் பாதையின் கோடிப் பக்கத்தில் இருப்பதால் ஐயாவுக்கு உட்கார இடமும் பெரும்பாலும் கிடைக்கும். எல்லா நிலையத்திலும் மின்தூக்கி இருக்கிறது, படி ஏற வேண்டியதில்லை. மருமகன் தந்த வங்கி அட்டையைத் தொட்டு உள்ளே போகலாம் என்று யாராவது சொல்வார்கள். சரிதான், ஆனால் ஆளுக்கு ஒரு அட்டை வேண்டும், ஒன்றை வைத்து இரண்டு பேர் போக முடியாது. இல்லாவிட்டால் நிலையத்திலேயே பயண அட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தப் பாதையில் நீங்கள் போகக்கூடிய கோயில்கள் இரண்டு. முதல் கோயிலுக்கு இறங்குவது சைனாடவுன் நிலையத்தில். அங்கே இறங்கிக் கொஞ்சம் நடந்தால் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மன் கோயில். சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில் அதுதான், 1827இல் ஆரம்பித்தது. 1819இல் ராஃபிள்ஸோடு பினாங்கில் இருந்து வந்த நாராயண பிள்ளை எடுப்பித்தது. அதே ரயிலில் இன்னும் ஏழு நிறுத்தம் போனால் லிட்டில் இந்தியா. அங்கே சிராங்கூன் ரோட்டில் 1881இல் எழுந்த வீரமாகாளியம்மன் கோயில். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரர்கள் குண்டு போட்டபோது அந்தப் பக்கத்துச் சனங்கள் ஒதுங்கியது இந்தக் கோயிலுக்குள்தான் என்பார்கள்.

இரண்டும் ஒரே பாதையில் இருப்பதால் இரண்டையும் பார்க்க ஆசை வரும். ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். லயத்துக்கு லயம் மாரியம்மனைக் கும்பிட்டு வளர்ந்தவர்கள் நாம், அதனால் மனம் சவுத் பிரிட்ஜ் ரோட்டுக்குத்தான் இழுக்கும். ஆனால் உங்களுக்கு நான் சொல்வது வீரமாகாளியம்மன். கோயில், சாப்பாடு, கடை, உட்கார இடம் எல்லாம் ஐந்து பத்து நிமிட நடைக்குள் இருக்கின்றன. முழங்கால் வலிக்காரரோடு போகும்போது அதுதான் பெரிய விடயம். யாழ்ப்பாணத்தார் தொடர்புள்ள செண்பக விநாயகர் கோயில் சிலோன் ரோட்டில் இருக்கிறது, அது விமான நிலையத்துக்கும் கிட்ட. அதை அடுத்த பயணத்துக்கு வையுங்கள்.

லிட்டில் இந்தியா நிலையத்தில் இருந்து மேலே வந்ததும் தேக்கா. அங்கத்தைய தமிழர் அந்த இடத்தையே தேக்கா என்றுதான் சொல்வார்கள். மல்லிகைச் சரம், வாழையிலை, கனகாம்பரம், தமிழில் எழுதிய பெயர்ப்பலகை எல்லாம் பார்த்ததும் உங்களுக்குத் தெரிந்த ஊராக இருக்கும். ஒரு வகையில் தெரிந்த ஊர்தான். நம் பாட்டன்மார் மண்டபம், தலைமன்னார் வழியாகக் கண்டிச் சீமைக்கு வந்த காலத்தில், பக்கத்து ஊர்க்காரர்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். ஒரே பஞ்சம் இரண்டு பக்கமாகத் தள்ளிவிட்டது. டீச்சர், நீங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பித்த அந்தப் பாடத்தின் மற்றப் பாதியை அந்தத் தெருவில் பார்க்கலாம். ஒரு கடையில் தமிழ் முரசு வாங்குங்கள். 1935இல் தொடங்கிய நாளிதழ், இன்னும் வருகிறது. விமானத்தில் வாசிக்க ஆகும்.

டொலரை அங்கே "வெள்ளி" என்பார்கள். விலை கேட்டால் "அஞ்சு வெள்ளி" என்று பதில் வரும், குழம்ப வேண்டாம். இரண்டு பேருக்கும் ரயில், சாப்பாடு, அர்ச்சனை எல்லாவற்றுக்கும் 50 வெள்ளி தாராளம். டாக்ஸியில் திரும்ப நினைத்தால் இன்னும் ஒரு 40 வெள்ளியைத் தனியே மடித்து வையுங்கள். முழங்கால் முணுமுணுக்க ஆரம்பித்தால் யோசிக்காமல் டாக்ஸி பிடியுங்கள்.

சாப்பாட்டுக்குத் தேக்கா உணவுக் கடைகள் இருக்கின்றன. தோசை, இட்டிலி, மீன் குழம்புச் சோறு எல்லாம் கிடைக்கும். சைவம்தான் வேண்டும் என்றால் அதே சிராங்கூன் ரோட்டில் 1947இல் இருந்து நடக்கிற கோமள விலாஸ் இருக்கிறது. ஐயாவின் சீனிக்காக ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அங்கே சும்மா "தே" என்று கேட்டால் கட்டிப்பால் ஊற்றி இனிக்க இனிக்க வரும். நம் பிளேன்டியை அங்கே "தே ஓ" என்பார்கள், அதிலும் சீனி போட்டிருக்கும். சீனியில்லாத பிளேன்டி வேண்டுமென்றால் "தே ஓ கோசோங்" என்று கேட்க வேண்டும். இந்த மூன்று சொல்லை ஒரு துண்டில் எழுதி ஐயாவின் சட்டைப் பையில் வையுங்கள். சாப்பிட்ட தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டிய இடத்தில் வைக்க வேண்டும், மேசையிலேயே விட்டுவிட்டு வந்தால் தண்டம் விதிக்க அங்கே சட்டம் இருக்கிறது.

ரயிலுக்குள் சாப்பிடவும் குடிக்கவும் கூடாது. ஆனால் ஐயாவுக்குச் சீனி இறங்கி வேர்த்து, கை நடுங்கினால் எந்தச் சட்டத்தையும் பார்க்காதீர்கள். இனிப்பை உடனே வாயில் போடுங்கள். மருந்துகள் எல்லாம் கைப்பையில், வாங்கின பெட்டியோடேயே இருக்க வேண்டும். சிங்கப்பூர் நேரம் நம்மை விட இரண்டரை மணித்தியாலம் முன்னால் ஓடுகிறது, மெல்பேர்ன் அதை விட இன்னும் இரண்டு. மாத்திரையையோ ஊசியையோ எந்த நேரத்தில் எடுப்பது என்பதை இந்த மாதக் கிளினிக்கிலேயே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். மருந்து விபரத்தை ஆங்கிலத்தில் ஒரு கடிதமாகவும் கேளுங்கள்.

வெற்றிலை போடுகிற பழக்கம் ஐயாவுக்கு உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் கவனமாகக் கேளுங்கள். மெல்லுகிற புகையிலையைச் சிங்கப்பூருக்குள் கொண்டு போகவே கூடாது. ஒரு துண்டு என்றாலும் தடைதான். சிகரெட்டுக்கும் தீர்வையில்லாத சலுகை கிடையாது, சுயிங்கமும் கூடாது. தெருவில் துப்பினால் தண்டம். இடுப்பு மடிப்பில் மறந்து போன புகையிலைத் துண்டுகூட வம்பாகிவிடும், ஆகவே கட்டுநாயக்கவிலேயே எல்லாப் பையையும் உதறிப் பாருங்கள்.

கோயிலில் மகள் பெயருக்கு அர்ச்சனை செய்வீர்கள், அந்தத் தேங்காய், பழம், பூவை மகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க மனம் துடிக்கும். அவுஸ்திரேலியாவில் இது பெரிய சிக்கல். பழம், பூ, விதை, பால் பொருள், கருவாடு, மாசி எல்லாவற்றையும் அந்த நாட்டு வருகை அட்டையில் அறிவிக்க வேண்டும். மறைத்துக் கொண்டு போனால் பெரிய தொகை தண்டம். பழத்தையும் தேங்காயையும் கோயிலிலேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள், பூவைத் தலையில் வைத்துக்கொண்டு விமானம் ஏற முன் எடுத்துவிடுங்கள். விபூதி, குங்குமம் கொண்டு போவதென்றால் அட்டையில் "ஆம்" என்று போட்டுவிட்டுக் காட்டுங்கள். ஊரில் இருந்து கொண்டு போகிற பொதிகளுக்கும் இதே விதிதான். சந்தேகம் வந்தாலே "ஆம்". காட்டிவிட்டால் தண்டம் இல்லை. கூடாதது என்றால் எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

12.30 அளவில் லிட்டில் இந்தியாவை விட்டுப் புறப்படுங்கள். விமான நிலையம் வந்ததும் நேரே உள்ளே போகாதீர்கள். முதலாம் முனையத்தோடு ஒட்டி, ஜுவல் என்ற கண்ணாடிக் கட்டடம் இருக்கிறது. 2019இல் திறந்தது. அதன் நடுவில் கூரையில் இருந்து 40 மீற்றர் உயரத்தில் ஒரு நீர்வீழ்ச்சி கொட்டுகிறது, கட்டடத்துக்குள் இருக்கும் நீர்வீழ்ச்சிகளில் உலகிலேயே உயரமானது. 97 மீற்றர் டெவன் நீர்வீழ்ச்சியை பஸ் ஜன்னலால் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு 40 மீற்றர் என்ன என்று ஐயா கேட்பார். அங்கே விழுவது அந்தக் கட்டடம் பிடித்துச் சேர்த்த மழைத்தண்ணீர். மேல் கொத்மலை மின் திட்டம் வந்த பிறகு நம் சென்கிளேயர் நீர்வீழ்ச்சி மெலிந்து போனதைக் கண்ணால் பார்த்த நமக்கு, கூரைத் தண்ணீரை ஓர் ஊர் எப்படிப் போற்றி வைத்திருக்கிறது என்று பார்ப்பது மனதுக்கு வேறு மாதிரி இருக்கும். அங்கே வாங்கில் அரை மணித்தியாலம் உட்காருங்கள், காசு கேட்க மாட்டார்கள். ஜுவல் குடிவரவுக்கு வெளியே இருக்கிறது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். உள்ளே போய்விட்டால் அதைப் பார்க்கத் திரும்ப வெளியே வர வேண்டும்.

3 மணிக்குள் கைப்பைகளை எடுத்துக்கொண்டு, பாஸ்போட்டையும் போர்டிங் பாஸையும் காட்டி உள்ளே போங்கள். உள்ளே காசு கட்டிக் குளிக்க இடம் உண்டு. சாய்ந்து படுக்கும் நாற்காலிகள் போட்ட ஓய்விடங்கள் இலவசம். செலவு கட்டுப்படியாகும் என்றால் மணித்தியாலக் கணக்கில் அறை தரும் விடுதியும் உண்டு, இரண்டு வயதானவர்களுக்கு அந்தச் செலவு வீணில்லை என்பேன். மருமகனையே முன்பதிவு செய்யச் சொல்லலாம்.

தூங்கும்போது தொலைபேசியில் 6.30க்கு அலாரம் வையுங்கள். தொலைபேசி தானாகச் சிங்கப்பூர் நேரத்துக்கு மாறிவிடும், ஐயாவின் கைக்கடிகாரம் மாறாது. சில வருடங்களுக்கு முன் நான் டிக்கட் போட்டுக் கொடுத்த ஒரு பெரியவர், கையில் இலங்கை நேரத்தைக் கட்டிக்கொண்டே இருந்து, நேரம் இருக்கிறது என்று நினைத்து விமானத்தைத் தவற விட்டார். அவருடைய தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. டிக்கட்டில் போட்டிருப்பது அந்தந்த ஊர் நேரம் என்று நான் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். அன்றிலிருந்து யாருக்கு டிக்கட் கொடுத்தாலும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. இறங்கியவுடனேயே கைக்கடிகாரத்தை இரண்டரை மணித்தியாலம் முன்னால் திருப்பி வையுங்கள்.

சக்கர நாற்காலி உதவி கேட்க வெட்கப்படாதீர்கள். அதற்குக் கட்டணம் இல்லை. புறப்படுவதற்கு இரண்டு நாளுக்கு முன்னரே விமான நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும், மருமகன் தொலைபேசியில் செய்துவிடலாம். சாங்கியில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வருபவரிடம் "வெளியே போகிறோம்" என்று முதலிலேயே சொல்லி, இரவுக்கு எந்த இடத்தில், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஐயா தனியாக வெளியே போகத் தயங்கினால், விமான நிலையமே நடத்துகிற இலவசச் சுற்றுலா ஒன்று உண்டு. ஐந்தரை மணித்தியாலத்துக்கு மேல், 24க்குள் காத்திருப்பவர்களை பஸ்ஸில் ஏற்றி இரண்டரை மணித்தியாலத்தில் சுற்றிக் காட்டித் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். கூட்டத்தோடு போவதால் பயமில்லை. ஆனால் நீங்கள் நினைத்த கோயிலில் நின்று கும்பிட முடியாது, அதனால் உங்களுக்கு இது இரண்டாவது வழிதான்.

இரவு 8 மணிக்குக் கேட்டுக்குப் போங்கள். சாங்கியில் பெரும்பாலும் கேட் வாசலில்தான் பைகளைச் சோதிப்பார்கள். போத்தலில் தண்ணீர் இருந்தால் அங்கே கொட்டச் சொல்வார்கள், முன்னமே குடித்துவிட்டு வெறும் போத்தலைக் கொண்டு போங்கள். கேட் எண் கடைசி நேரத்தில் மாறக்கூடும், 7 மணிக்கு ஒரு தடவை, 8 மணிக்கு ஒரு தடவை பலகையைப் பாருங்கள். உள்ளே போய் உட்கார்ந்ததும், அங்கத்தைய இலவச இணைப்பில் மகளுக்கு ஒரு செய்தி போடுங்கள்: கோயிலுக்குப் போய்விட்டு வந்தோம், உன் பெயருக்கு அர்ச்சனை செய்தோம், ஏறப்போகிறோம்.